எதிர் வரிசையில் ஓர் இடம்

ஃபெராராவில் கல்லறைத் தோட்டத்து வாசலில் நாற்பத்தோரு வருஷமாகப் பூ விற்கிறேன். பெயர் வான்னா. எனக்கு உயிரோடிருக்கிறவர்களைவிடச் செத்தவர்களைத்தான் அதிகம் தெரியும் என்று என் நாத்தனார் கிண்டலடிப்பாள். அடிக்கட்டும். நாலு பூவுக்கு மேல் பெயர் தெரியாதவள், என் கடையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு என்னை நக்கல் பண்ணுகிறாள்.

நான் சொல்ல வந்தது புரூனாவைப் பற்றி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. ரயிலேறினால் அரை மணி நேரம். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களுக்கான அந்த நாளில், புருஷன் ஜெலிந்தோவோடு எங்கள் நகரத்துக்கு வருவாள். மற்ற ஜோடிகள் கடற்கரைக்குப் போவார்கள், மலைக்குப் போவார்கள். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து போகிற ஒரே பயணம் இதுதான், புருஷனுடைய முதல் மனைவியின் கல்லறைக்கு.

அதற்காக அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாள் என்று நினைத்துவிடாதீர்கள். அரக்கு நிறக் கோட்டு, முந்தின நாள் சுருட்டிவிட்ட முடி, உதட்டில் சாயம். "இதுதான் வான்னா என் வெளிநாட்டுப் பயணம்" என்று சொல்லிச் சிரிப்பாள். காலை ஒன்பதே முக்கால் ரயிலில் இறங்கி, நின்றபடியே ஒரு காபி குடித்து, கோட்டை அகழி ஓரமாக நடந்து வருவார்கள். ஜெலிந்தோ இந்த ஊரில் பிறந்தவன். நாலு தெரு தாண்டினால் ஒரு மூலையில் நின்று, "இங்கதான் என் சைக்கிளைத் திருடினானுங்க" என்று காட்டுவான். ஃபெராராவில் சைக்கிள் திருட்டுக் கொடுக்காத மனுஷன் உண்டா? இதில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? அவளும் வருஷா வருஷம் முதல் தடவை கேட்கிற மாதிரி, "அடப்பாவி! அப்புறம்?" என்பாள். பிறகு கல்லறை. பிறகு பேராலயத்துக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடையில் பூசணிக்காய் அடைத்த பாஸ்தா. பிறகு நகரத்து மதில் மேல் ஒரு நடை. ஐந்து மணிக்கு ரயில்.

புரூனாவின் கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. ஐம்பத்தொரு வயது வரை அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பேரிக்காய்க் கிடங்கில் முப்பத்தோரு வருஷம் நின்றபடியே பழம் பிரித்தாள். அடிபட்டது இந்தப் பக்கம், நல்லது அந்தப் பக்கம். வீட்டுக்குப் போனால் அம்மா படுத்த படுக்கை. குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைப்பதற்குள் பொழுது போய்விடும். அண்ணன் ஒருத்தன் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வருவான், அம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுப்பான், ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பான், போய்விடுவான். இப்படிப்பட்ட அண்ணன்களை எனக்கு நன்றாகத் தெரியும். அடக்கத்தன்று என்னிடம் பெரிய பூமாலையாகக் கேட்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

அம்மா போன பிறகு, கிடங்குத் தோழிகள் அவளை ஞாயிறு மத்தியான நடனத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கத்தில் கிழடுகட்டைகள் எல்லாம் கூடி வால்ட்ஸ் ஆடுகிற மண்டபம். மூன்று ஞாயிறு சுவரோரம் உட்கார்ந்து எல்லாருடைய கைப்பையையும் காவல் காத்தாள். நாலாவது ஞாயிறு ஓர் ஒல்லி மனுஷன் வந்து கை நீட்டினான்.

"எனக்கு ஆடத் தெரியாதுங்க" என்றாள்.

"எனக்கும்தான் தெரியாது. பாட்டு முடியற வரைக்கும் சும்மா நடப்போம், வாங்க" என்றான்.

அதுதான் ஜெலிந்தோ. ரசாயன ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி லீதியா செத்துப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அடுத்த வசந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டு புரூனாவின் வீட்டோடு போய்விட்டான்.

லீதியா செத்தபோது அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. வெள்ளை ரோஜா கட்டிக் கொடுத்தது நான்தான். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பாதி, சுவர்கள். சுவரில் வரிசை வரிசையாக மாடங்கள். பெட்டியை உள்ளே தள்ளிப் பளிங்குப் பலகையால் மூடிவிடுவார்கள். ஜெலிந்தோ பக்கத்துப் பக்கத்து மாடம் இரண்டை எடுத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பலகையாகப் போட்டான். இடது பாதியில் லீதியாவின் பெயர், படம், பிறந்த வருஷம், இறந்த வருஷம். வலது பாதியில் தன் பெயர், தன் படம், பிறந்த வருஷம், அப்புறம் ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு காலி. அவனைக் குறை சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மனைவியைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்று மனசு ஆறாதவனுக்குத் தன் படத்தையாவது துணைக்கு வைத்தால் தூக்கம் வரும். பிற்பாடு ஒருத்தி வந்து சேருவாள் என்று அப்போது யார் கண்டார்கள்?

கல்யாணமான வருஷமே புரூனாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். பலகையில் இருந்தது கறுத்த முடியும் அகன்ற தோளுமாக ஒரு வாலிபன். "என் கைக்கு வராத ஜெலிந்தோ" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். கூட வந்தவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருக்கிறான். பளிங்கில் பாசி. அழுக்கைப் பார்த்தால் புரூனாவின் கை சும்மா இருக்காது. கைக்குட்டையை நனைத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். அடுத்த வருஷம் பஞ்சும் பழைய பல் துலக்கியும் கொண்டுவந்தாள், எழுத்து இடுக்கெல்லாம் தேய்க்க. துடைக்கும்போது லீதியாவோடு பேசுவாள். நான் பூச்சாடி தூக்கிக்கொண்டு போகும்போது கேட்டிருக்கிறேன்.

"லீதியா, இவன் இப்பவும் சாக்ஸைக் கட்டிலுக்கு அடியிலதான் போடறான். நீயாவது ஆரம்பத்துலயே ரெண்டு போட்டுத் திருத்தியிருக்கக் கூடாதா? எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டு ஹாயாப் போய்ட்ட."

ஜெலிந்தோ முகம் சிவந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

எட்டாவது வருஷமோ ஒன்பதாவது வருஷமோ, அவன் கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில் என் கடை முக்காலியில் உட்கார்ந்தாள். சாமந்திச் செடியின் உதிர்ந்த இலைகளைச் சும்மா பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"வான்னா, என்னை எங்க வெப்பாங்க?"

"எங்க வெப்பாங்கன்னா?"

"செத்தப்புறம்தான்."

"உன் ஊர்ல, உங்க அம்மாகூட."

"அம்மா மண்ணுல இருந்தா. பத்து வருஷம் ஆச்சுன்னு தோண்டி, எலும்பைச் சின்னப் பெட்டியில போட்டு, அண்ணன் குடும்பத்து மாடத்துல சொருகிட்டாங்க. அங்க இனிமே ஒரு செருப்பு வெக்கக்கூட இடமில்ல. அண்ணிக்கே தகராறு."

"ஜெலிந்தோகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். போய் வாசல் கம்பியைத் தொட்டுட்டு வந்துட்டான்."

எங்கள் ஆண்பிள்ளைகள் சாவுப் பேச்சு வந்தால் இரும்பைத் தொடுவார்கள். தொட்டால் சாவு தள்ளிப் போய்விடுமாம். இருபது அடி தள்ளி ஆயிரம் பேர் படுத்திருக்கிறார்கள், எல்லாரும் ஒரு காலத்தில் இரும்பைத் தொட்டவர்கள்தான். நான் அவளைத் தேற்றுகிற மாதிரி, "விடு புரூனா, செத்தப்புறம் நமக்கு என்ன தெரியப்போவுது" என்றேன்.

"செத்தப்புறம் தெரியாதுதான். இப்போ தெரியுதே. அம்மாகூட இருந்தேன், அம்மா போய்ட்டா. இவன்கூட இருக்கேன், இவன் லீதியாகிட்ட போய்டுவான். நான் மட்டும் எங்கயோ. கிடங்குல ஒரு மூலை இருக்கும் வான்னா, எந்தப் பெட்டியிலயும் சேராத பழத்தை அங்க வெப்போம். அது மாதிரி" என்றாள்.

அதற்குள் ஜெலிந்தோ வந்துவிட்டான். அவள் எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, "பசிக்குது, வா" என்று கிளம்பிவிட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு நவம்பரும் துடைத்து முடித்ததும் அந்த வலது பாதியில், கோட்டுக்குப் பிறகு காலியாக இருக்கிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் கவனித்திருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், மே மாதம், ஜெலிந்தோ தனியாக வந்தான். பல் டாக்டரிடம் போகிறேன் என்று புரூனாவிடம் புளுகிவிட்டு வந்திருக்கிறான். எழுபத்தாறு வயசில் திருட்டுத்தனம்!

"வான்னா, எங்க வரிசைக்குக் கிட்ட ஏதாவது காலியாகுதா? புரூனாவுக்கு வேணும். நான் கண்ணை மூடறதுக்குள்ள அவளுக்கு ஒரு இடம் பண்ணிடணும்."

 கம்பியைத் தொட்டுவிட்டு ஓடினவன் இத்தனை வருஷமாக இதை மனசில் வைத்திருக்கிறானே! காலியாகிற இடமெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர்கள் வரிசைக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு ரயில்வேக்காரரின் மாடம் குத்தகைக் கெடு முடிந்து காலியாகியிருந்தது. பிள்ளைகள் எலும்பை மிலானுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கண் மட்டத்து வரிசை வேறு. ஏணி வேண்டாம், குனிய வேண்டாம், அதற்கு ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள். நான்தான் சொன்னேன். நான்தான் அலுவலகத்துக்கு அவனைக் கூட்டிப்போனேன். பலகை வெட்டுகிறவனிடம் கூட்டிப்போனதும் நான்தான். பர்ஸிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தான், நடன மண்டபத்தில் புரூனா வாய்விட்டுச் சிரிக்கிற படம். "இதைவிட நல்ல படம் கிடையாது" என்றேன். ஆறு மாசம் அந்த ரகசியத்தை வாய்க்குள் வைத்திருந்தேன். என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று என் நாத்தனாரைக் கேட்டுப் பாருங்கள்.

நவம்பர் இரண்டாம் தேதி வந்தது. ஒரே மூடுபனி, வாசலிலிருந்து பார்த்தால் உள்ளே சிலுவை தெரியவில்லை. கூட்டமான கூட்டம். இருவரும் வந்தார்கள். ஜெலிந்தோ எனக்குக் கண்ணடித்து, "வான்னா, நீயும் வா" என்றான். கடையை நாத்தனார் தலையில் போட்டுவிட்டு ஓடினேன். புரூனாவின் முகம் மலர்வதை நான் பார்க்க வேண்டாமா?

அவள் வழக்கம்போல் பலகையைத் துடைத்தாள். "இந்த வருஷம் பேரிக்காய் மோசம் லீதியா, பூராவும் வெம்பல்" என்று ஊர்ச் செய்தி சொன்னாள். மஞ்சள் சாமந்தியை வைத்தாள். ஜெலிந்தோவுக்குப் பொறுக்கவில்லை. அவள் தோளைப் பிடித்தான்.

"புரூனா, அப்படியே திரும்பு."

திரும்பினாள். நாலு எட்டு தள்ளி, எதிர்ச் சுவரில், புதுப் பலகை. அதில் அவளே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். புரூனா சிவியேரோ, 1947, ஒரு கோடு.

"உனக்குத்தான்!" என்றான் ஜெலிந்தோ. கண்ணில் தண்ணீர் தளும்பியது. "நேர் எதிர்ல! பக்கவாட்டுலகூட இல்ல, நேர் எதிர்ல. எவ்வளவு நாள் தேடினேன் தெரியுமா?"

அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, தான் இப்போதுதான் துடைத்து வைத்த பலகையைப் பார்த்தாள். மறுபடி புதுப் பலகை.

"அதுல எத்தனை பேருக்கு இடம்?" என்று கேட்டாள்.

"ஒருத்தருக்கு. உனக்கு."

"ஆமா. இங்கேருந்து பாத்தா ரெண்டு பேரும் நல்லாத் தெரிவீங்க" என்றாள் புரூனா.

குரலில் கோபம் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, அறிவு கெட்டவளே, என்ன காரியம் செய்தாய்! ஒரே பலகைக்குக் கீழே அவர்கள் இரண்டு பேர், எதிரே இவள் ஒருத்தி, அதுவும் சிரித்துக்கொண்டு, முடிவே இல்லாமல். இன்னொன்றும் கண்ணில் பட்டது. எங்கள் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் வாழ்வார்கள். ஆனால் கல்லில் மட்டும் புருஷன் வீட்டுப் பெயரையும் சேர்த்து வெட்டுவது வழக்கம். லீதியாவுக்கு வெட்டியிருக்கிறது. இவளுக்கு ஜெலிந்தோ எழுதிக் கொடுக்க மறந்திருக்கிறான், நானும் கவனிக்கவில்லை. தெரியாதவர்கள் பார்த்தால் யாரோ ஒரு கல்யாணமாகாத பெண் என்றுதான் நினைப்பார்கள்.

அவன் எதையும் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் அவளைச் சாப்பிடக் கூட்டிப்போனான். பாஸ்தாவை முழுக்கச் சாப்பிட்டாளாம். மதில் மேல் நடந்தார்களாம். நான் கடையில் உட்கார்ந்து ஒரு மாலையும் ஒழுங்காகக் கட்டவில்லை. நாத்தனார் ஏதோ கேட்டதற்கு வள்ளென்று விழுந்தேன்.

நாலு மணிக்கு, ஸ்டேஷனுக்குப் போகாமல், புரூனா அவனை இழுத்துக்கொண்டு என் கடைக்கே திரும்பி வந்தாள். ஜெலிந்தோவின் கையில் ரொட்டிப் பை. முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"நீயே கேளு வான்னா. காலையிலேருந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டேங்கறா. பிடிச்சிருக்கா இல்லையான்னாவது சொல்ல வேண்டாமா?"

"சொல்றதுக்குத்தான் வந்தேன்" என்றாள் புரூனா. "பத்தொன்பது வருஷமா அந்தக் கல்லைத் துடைக்கறேன் ஜெலிந்தோ. எனக்கு அதுல வருத்தமே கிடையாது. ஏன்னு கேளு. துடைச்சு முடிச்சதும் நீ என்கூட வெளிய வந்துடுவ. அந்தப் படத்துல இருக்கறவனை அவகிட்ட விட்டுட்டு, நீ என்கூடச் சாப்பிட வருவ. அதுக்காகத்தான் இந்த ஒரு நாளுக்கு நான் முடியைச் சுருட்டிக்கிட்டு வர்றேன். அங்க என்னை வெச்சுட்டா, நான் யாரோட வெளிய வருவேன்? அங்க படுத்துக்கிட்டு முகத்தைக்கூடத் திருப்பிக்க முடியாதே."

ஜெலிந்தோ, பாவம், அடி வாங்கின குழந்தை மாதிரி இருந்தான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை, என் மேல்தான் வந்தது.

"நான் வேற இடம் பாக்கறேன். ரெண்டு பேருக்கும் சேத்து. உன் ஊர்லயே பாக்கறேன். அந்தப் பலகையிலேருந்து என் பேரை வெட்டி எடுக்கச் சொல்றேன்" என்று தடுமாறினான்.

புரூனா அதைக் கேட்டுவிட்டுக் கல்லறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எனக்கு, சரியென்று சொல்லித் தொலையேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

"அப்போ லீதியா?" என்றாள்.

அவன் ரொட்டிப் பையைக் கை மாற்றிக்கொண்டான்.

"முப்பத்து மூணு வருஷமா உனக்காக இடம் பிடிச்சு வெச்சிருக்கா. வருஷா வருஷம் அவ முகத்தைத் துடைச்சவ நான். இப்போ உன்னை இழுத்துக்கிட்டுப் போய்ட்டா, அவகிட்ட நான் எப்படிப் பேசுவேன்? மூணு பேர்ல யாராவது ஒருத்தர் தனியாத்தான் கிடக்கணும் ஜெலிந்தோ. எனக்குத்தான் அது பழக்கம்."

"புரூனா..."

"அழாத. எல்லாரும் பாக்கறாங்க. உன் வீட்டுப் பேரைச் சேத்து வெட்டச் சொல்லு. அப்புறம் அந்தப் படத்தை எடுத்துடு. எனக்கு அங்க சிரிப்பு வராது."

"சிரிக்காத படம் என்கிட்ட இல்லையே."

"இப்போ எடு."

என் கடைக்குப் பக்கத்தில், சாமந்தித் தொட்டிகளுக்கு நடுவே, அரக்குக் கோட்டின் பொத்தான்களை மேலே வரை போட்டுக்கொண்டு நின்றாள். ஜெலிந்தோ ரொட்டிப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கைபேசியைத் தூக்கினான்.  பழக்கத்தில் "சிரி" என்று சொல்ல வாயெடுத்து, அப்படியே மூடிக்கொண்டான்.

படம் தெளிவாகத்தான் விழுந்திருந்தது. பலகைக்காரனிடம் கொடுத்து மாற்ற வைத்தேன், பெயரையும் சேர்த்தோம். அதற்கடுத்த நவம்பரிலும் வந்தார்கள். துடைத்தாள், சைக்கிள் கதையைக் கேட்டாள், சாப்பிட்டாள். அதற்குப் பிறகு வந்த ஜனவரியில் நிமோனியா வந்து பத்தே நாளில் போய்விட்டாள். எல்லாரும் ஜெலிந்தோ முந்துவான் என்றுதான் நினைத்திருந்தோம்.

இப்போது அவன் மட்டும் வருகிறான். போன நவம்பரில் இரண்டு சாமந்தித் தொட்டி வாங்கினான். வாங்கிவிட்டு நகரவில்லை. பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

"வான்னா, அங்க போனா எந்தப் பக்கம் பாத்து நிக்கறதுன்னே தெரியல. ஒருத்தியைப் பாத்தா இன்னொருத்திக்கு முதுகு" என்றான்.

  கடையை நாத்தனாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவன் கையிலிருந்து ஒரு தொட்டியை வாங்கிக்கொண்டு அவனோடு உள்ளே போனேன், ஒருத்தியைப் பார்த்து அவன் நிற்க, இன்னொருத்தியைப் பார்த்து நான் நிற்க.